வெளிப்பக்கம் யார் துடைப்பது?

மேடவாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூருக்குப் போகும் சாலையில் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தால், ஒவ்வொரு புதுக் கட்டடத்திலும் சுவரின் பங்கு குறைந்து கண்ணாடியின் பங்கு கூடிவருவது தெரியும். பால்கனிக்குத் தரையிலிருந்து மேல்வரை ஸ்லைடிங் கதவு. படுக்கையறைக்கு மூன்று தடம் வைத்த யூபிவிசி ஜன்னல், அதில் ஒரு தடத்தில் கொசுவலை. கீழே தெருவில் மருந்துக்கடை, பேக்கரி, செல்போன் கடை, பல் மருத்துவமனை என எல்லாவற்றுக்கும் கண்ணாடி முகப்பு. இத்தனை கண்ணாடியையும் யாராவது துடைத்தாக வேண்டும். ஆனால் அதையே தொழிலாக எடுத்துக்கொண்ட இரண்டு பேர் வேலை கொடுக்க ஆள் தேடி அலைகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது, அது எப்படி என்று பார்க்கத் தோன்றியது. மார்கழியில் அவர்களோடு சுற்றினேன்.

இருவரும் மைத்துனர்கள். மூத்தவர் செய்யாறு பக்கத்துக்காரர். ராஜீவ் காந்தி சாலையின் உயரமான கட்டடங்களில் கயிற்றில் தொங்கிக் கண்ணாடி துடைத்தவர். 2000-இல் தரமணியில் டைடல் பார்க் திறந்த பிறகு அந்தச் சாலை நெடுகக் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்தன. இந்த வேலையும் கூடவே வந்தது. ஒப்பந்தக்காரர் சம்பளத்தை இழுத்தடித்ததால் வெளியே வந்துவிட்டார். இளையவர் அவருடைய தங்கை கணவர், கால் டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தவர். ஒருவர் மற்றவரை ‘மாப்ள’ என்கிறார், அவர் இவரை ‘மச்சான்’ என்கிறார். தொழிலுக்கு என்று இருப்பது ஒரு பழைய மொபெட், இரண்டு பக்கெட், நீட்டி மடக்கும் கம்பு ஒன்று, மைக்ரோஃபைபர் துணிகள், சுரண்டுவதற்கு ஒரு பிளேடு, நான்கைந்து வைப்பர்.

அந்த வைப்பருக்கு ஒரு வரலாறு உண்டு. பித்தளைப் பிடியில் ஒற்றை ரப்பர் பட்டை வைத்த இன்றைய வடிவத்தை 1936-இல் கலிஃபோர்னியாவின் ஓக்லாண்ட் நகரில் உருவாக்கியவர் எட்டோரே ஸ்டெக்கோனே. இத்தாலியிலிருந்து பிழைக்கப் போனவர், தானும் ஜன்னல் துடைத்தவர். மொத்த வியாபாரிகள் அந்தக் கருவியை வாங்க முன்வராதபோது, அதைத் துடைப்பவர்கள் கையிலேயே இலவசமாகக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார் என்றும், அவர்கள் போய்க் கடையில் கேட்கக் கேட்க வியாபாரிகள் வழிக்கு வந்தார்கள் என்றும் இந்தத் தொழிலில் ஒரு கதை சொல்வார்கள். நம் மூத்தவருக்கு அந்தக் கதை தெரியாது. ஆனால் அவர் செய்துகொண்டிருந்ததும் ஏறக்குறைய அதேதான்.

அடுக்குமாடிகளுக்குள் நுழைவதுதான் பெரும்பாடு. வாசலில் செக்யூரிட்டி கேட்கும் முதல் கேள்வி, “எந்த ஃபிளாட்?” ஆப்பில் அனுமதி வந்தால்தான் கதவு திறக்கும். எந்த ஃபிளாட்டும் இவர்களைக் கூப்பிடவில்லை, ஏனென்றால் இவர்கள் இருப்பதே யாருக்கும் தெரியாது. உள்ளே போய்ச் சொன்னால்தான் தெரியும். தெரிந்து கூப்பிட்டால்தான் உள்ளே போக முடியும். நோட்டீஸ் கொடுக்கவும் வழியில்லை. இதில் செக்யூரிட்டியை நொந்துகொள்ள ஒன்றுமில்லை. யாரையாவது விட்டு ஏதாவது நடந்தால் போவது அவர் வேலைதான்.

மூத்தவர் அவரிடம் வாதாடவில்லை. “அண்ணா, உள்ள போகல. உங்க கேபின் கண்ணாடிய மட்டும் தொடச்சிட்டுப் போறேன். காசு வேணாம்” என்றார். கேபினின் மூன்று பக்கக் கண்ணாடியிலும் சாலைப் புழுதியும், மழைநீர் ஓடிய தடமும், பழைய ஸ்டிக்கர் கிழித்த பசையும் இருந்தன. பத்து நிமிடத்தில் எல்லாம் போய்விட்டது. கேபினுக்குள்ளிருந்து சாலை முழுவதும் தெரிந்தது. செக்யூரிட்டி உட்கார்ந்து இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு, “இப்பதான்யா கண்ணு தெரியுது” என்றார். உள்ளே குடியிருப்பவர்களின் ஒவ்வொரு காரும் அந்தக் கேபினைத் தாண்டித்தான் போக வேண்டும். இதைவிட நல்ல விளம்பரப் பலகையை எவ்வளவு காசு கொடுத்தாலும் அந்த வளாகத்தில் வைக்க முடியாது. எல்லா வாசலிலும் இது பலித்தது என்று சொல்ல மாட்டேன். பல இடங்களில் ஒரு நன்றியோடு முடிந்தது. ஓரிடத்தில் மட்டும் அசோசியேஷன் செயலாளர் வண்டியை நிறுத்தி, யார் துடைத்தது என்று கேட்டு, தன் வீட்டுக்கு வரச் சொன்னார்.

அவர் வீடு நான்காவது மாடியில். அங்குதான் இந்தத் தொழிலின் உண்மையான எதிரியைப் பார்த்தேன். அது புழுதி இல்லை, தண்ணீர். சோழிங்கநல்லூர், பெரும்பாக்கம் பக்கமெல்லாம் போர் தண்ணீரையும் லாரித் தண்ணீரையும் நம்பி இருப்பவை. மூத்தவர் குழாயைத் திறந்து, தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை நனைத்தார். 1,400-க்கு மேல் காட்டியது. குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயம் லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்பதை ஏற்கத்தக்க அளவாக வைத்திருக்கிறது. வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. இந்தத் தண்ணீரில் நனைத்த துணியால் கண்ணாடியைத் துடைத்தால் தண்ணீர் ஆவியாகிவிடும், அதிலிருந்த கால்சியமும் மெக்னீசியமும் வெள்ளைத் திட்டாக அங்கேயே நிற்கும். மறுநாள் அதன்மேல் இன்னொரு பூச்சு. “எங்க வீட்டு அக்கா தினமும்தான் தொடைக்கிறாங்க, ஆனா போகவே மாட்டேங்குது” என்றார் வீட்டு அம்மா. அந்த அக்கா துடைக்கத் துடைக்கத்தான் அது ஏறியிருக்கிறது. குற்றம் அவர் கையில் இல்லை, குழாயில்.

இவர்கள் கடைசியாக அலசுவதற்குக் கேன் தண்ணீரையே கொண்டுவருகிறார்கள். உப்புக்கறைக்குச் சிட்ரிக் ஆசிட் தூளைக் கரைத்து, ஜன்னல் திட்டில் பிளாஸ்டிக் தாளை விரித்துவிட்டு, ஊறவைத்து எடுக்கிறார்கள். பாத்ரூம் கழுவும் ஆசிட்டை வேகத்துக்காக ஊற்றுபவர்கள் உண்டு. அது கறையை எடுக்கும், கூடவே அலுமினியச் சட்டத்தையும் மார்பிள் திட்டையும் அரிக்கும். பிளேடு வைப்பதானால் கண்ணாடி நன்றாக நனைந்திருக்க வேண்டும். காய்ந்த கண்ணாடியில் இழுத்தால் மணல் துகள் சிக்கிக் கீறல் விழும், அந்தக் கீறலுக்கு மருந்தே கிடையாது.

ஸ்லைடிங் கதவின் ஒரு கண்ணாடியில் மூத்தவர் சரிபாதியை மட்டும் துடைத்தார். மேலிருந்து தொடங்கி, வைப்பரைத் தூக்காமல் வளைத்து வளைத்துக் கீழே கொண்டுவந்து, ரப்பர் விளிம்பைத் துணியில் ஒற்றிக்கொண்டு நிறுத்தினார். மறுபாதியைத் தொடவில்லை. “அம்மா, கொஞ்சம் வந்து பாருங்க.” அவர் வந்து பார்த்தார். ஒரு பாதியில் எதிர் பிளாக்கின் துணிக்கொடி, தொட்டிச் செடி, அதற்கப்பால் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஒரு கீற்று. மறுபாதியில் எல்லாம் பால் தெளித்ததுபோல் மங்கல். குடிவந்த நாளிலிருந்து வெளியே அப்படித்தான் இருக்கிறது என்று அந்தக் குடும்பம் பழகியிருந்தது. அம்மா தானாகவே அறை அறையாகப் போய் மற்ற ஜன்னல்களைப் பார்க்க ஆரம்பித்தார்.

எனக்கு விளங்கியது இதுதான். இந்தத் தொழிலுக்கு வாடிக்கையாளர் இல்லாமல் இல்லை. தனக்கு இது தேவை என்று அவருக்குத் தெரியாது. அழுக்கு மெதுவாகச் சேர்கிறது, கண்ணும் அதோடு சேர்ந்து இசைந்துபோகிறது. எனவே விலைப்பட்டியலோ விசிட்டிங் கார்டோ முதலில் பயன்படுவதில்லை. துடைத்த பாதியும் துடைக்காத பாதியும் ஒரே கண்ணாடியில் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும்.

விலை பேசும்போது வேறொரு சிக்கல். ஜன்னலுக்கு இவ்வளவு, வலைக்குத் தனி, தடத்தில் சேர்ந்த மண்ணை எடுக்கத் தனி என்று மூத்தவர் சொன்னதும், “மாசம் பூரா வீட்டு வேலை செய்றவங்களுக்கே இவ்வளவுதான் தர்றோம்” என்ற பதில் வந்தது. நான் போன வீடுகளில் பாதிக்கு மேல் இதே ஒப்பீட்டைக் கேட்டேன். வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கு நாம் கொடுக்கும் குறைந்த கூலி, துடைக்கிற, கழுவுகிற எல்லா வேலைக்கும் அளவுகோலாகிவிட்டது. அந்தப் பெண்ணுக்கும் அது அநியாயம், இவர்களுக்கும் அநியாயம். மூத்தவர் விலையைக் குறைக்கவில்லை. குளியலறை ஜன்னலைக் காட்டி, “இது மட்டும் போகாதும்மா. உப்பு வருஷக்கணக்கா நின்னு கண்ணாடியவே அரிச்சிருக்கு. இதுக்குக் காசு சேர்க்காதீங்க” என்றார். அதன்பிறகு பேரம் நின்றுவிட்டது. முடியாததை முடியாது என்று சொன்ன ஆளிடம் மற்ற விலையும் நியாயமாகத்தான் இருக்கும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

இன்னொரு வளாகத்தில் நடந்ததையும் எழுதியாக வேண்டும். ஆறாவது மாடி, வெளியே தள்ளித் திறக்கும் பழைய வகை ஜன்னல், உள்ளே இரும்புக் கம்பி. வெளிப்பக்கம் கை எட்டாது. வீட்டுக்காரர் பக்கத்து பால்கனியைக் காட்டி, “அதுல ஏறி சன்ஷேடுல இறங்கிட்டா ஈஸியா எட்டும். போன தடவை வந்த பையன் அப்படித்தான் செஞ்சான்” என்றார். இளையவர் எட்டிப் பார்த்தார். வேலை வந்து நாளாகியிருந்தது. அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். மூத்தவர் அவர் தோளைப் பிடித்து உள்ளே இழுத்தார். “வேணாம் மாப்ள. துணிய எடு.”

கயிறு வேலையில் ஆளுக்கு இரண்டு கயிறு என்பது விதி: ஒன்று உடலைத் தாங்கி இறக்க, இன்னொன்று முதல் கயிறு விட்டால் பிடிக்க. இரண்டும் வெவ்வேறு இடத்தில் கட்டப்பட்டிருக்க வேண்டும். அந்த விதியோடு வருடக்கணக்கில் தொங்கியவருக்கு, கயிறே இல்லாமல் ஓரடி அகலத்துச் சிமெண்ட் விளிம்பில் நிற்பது என்னவென்று தெரியும். “உள்பக்கம் பண்ணித் தர்றோம் சார். வெளிப்பக்கத்துக்கு மொட்டை மாடியில கொக்கி போட்டு, பெல்ட்டு கட்டி, ரெண்டு பேர் மேல நிக்கணும். அசோசியேஷன்ல எல்லாரும் சேர்ந்து கேட்டா செய்யலாம்” என்றார். வீட்டுக்காரர் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். கீழே இறங்கும்போது இளையவர் பேசவில்லை. அந்த ‘வேறு ஆளை’ நினைத்து எனக்கு நெஞ்சு பதைத்தது. ஒரு ஜன்னலின் வெளிப்பக்கத்துக்காக ஒரு பையனைச் சன்ஷேடில் இறக்குபவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. அவர் வெளியே எட்டிப் பார்த்ததே இல்லை. ஆனால் விழுந்தால் சாவது அந்தப் பையன். அசோசியேஷன்கள் வாகன நிறுத்தத்துக்கு விதி எழுதுகின்றன, நாய் வளர்க்க விதி எழுதுகின்றன. சன்ஷேடில் யாரும் ஏறக்கூடாது என்று ஒரு வரி எழுதிவிட முடியும்.

தெருக் கடைகளில் கதை சுலபம். கடை திறந்து கூட்டம் வருவதற்கு முன், ஒன்பது மணிக்குள் முடிக்க வேண்டும். தொகை சிறியது, ஆனால் வாரா வாரம் அல்லது பதினைந்து நாளுக்கு ஒருமுறை என்று நிலையானது. ஒரே தெருவில் அடுத்தடுத்த கடைகள் கிடைத்தால் பெட்ரோல் மிச்சம், நேரம் மிச்சம். இங்கிலாந்தில் இப்படித் தொகுத்து வைத்த வாடிக்கை வீடுகளின் சுற்றையே, மாத வருமானத்தின் மடங்காக விலை வைத்து ஒருவர் இன்னொருவருக்கு விற்கிறார். அங்கே அந்தச் சுற்று ஒரு சொத்து. இங்கே அது இளையவரின் டைரியில் பத்துப் பதினைந்து பெயராக இருக்கிறது. ஒரு பல் மருத்துவமனைதான் முதல் பெயர்.

பெரிய வேலைகள் வந்த வழி நான் எதிர்பாராதது. யூபிவிசி ஜன்னல் மாட்டுபவர், கொசுவலை அடிப்பவர், பெயிண்டிங் மேஸ்திரி, இன்டீரியர் தச்சர், வீட்டு புரோக்கர் — ஏற்கெனவே வீட்டுக்குள் போய்வரும் இவர்கள்தான் நம்பர் கொடுத்தார்கள். கிரகப்பிரவேசத்துக்கு முன் பெயிண்ட் தெறிப்பையும் சிமெண்ட் திட்டையும் ஜன்னல் ஸ்டிக்கரையும் எடுக்க ஆள் வேண்டும். குடித்தனம் மாறும்போதும் வேண்டும். மூத்தவர் ஒவ்வொரு புதுக் கட்டடத்திலும் மேஸ்திரியோடு நின்று டீ குடிக்கிறார். நோட்டீஸ் அச்சடித்த காசு எதையும் கொண்டுவரவில்லை என்றும், டீக் காசு கொண்டுவந்தது என்றும் இளையவர் கணக்குக் காட்டினார். சரக்கு சேவை வரியின் பட்டியலில் ஜன்னல் துடைக்கும் சேவைக்கென்றே 998532 என்று ஓர் எண் உண்டு. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் இவர்களும் அதில் பதிய வேண்டும். அதற்கு இன்னும் தூரம் இருக்கிறது, ஆனாலும் மூத்தவர் அந்த எண்ணைத் தெரிந்து வைத்திருக்கிறார். வங்கிக் கிளைகளோடும் கம்பெனிகளோடும் ஆண்டு ஒப்பந்தம் பேச அது உதவும் என்கிறார்.

ஆயுத பூஜைக்குக் கடைகளும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வீடுகளும் என்பது சீசன். வடகிழக்குப் பருவமழை சன்ஷேடுப் புழுதியைக் கண்ணாடியில் இறக்கிவிட்டுப் போயிருப்பதால் மார்கழி கடைசியில் போன் வர ஆரம்பிக்கிறது. நான் கூட இருந்தபோது செயலாளர் வீட்டு அம்மா சொல்லி அதே வளாகத்திலிருந்து இன்னொரு அம்மா கூப்பிட்டார். பொங்கலுக்குள் எல்லாம் முடித்துத் தர முடியுமா என்று கேட்டார். சென்னையில் போகிப் புகை சாதாரணமில்லை. 2018-இல் விமானங்களே தாமதமாயின. அதன் கரி எந்த ஜன்னலையும் விடாது.

“உள்பக்கம், வலை, தடம் எல்லாம் போகிக்கு முன்னால முடிச்சிடறேன்மா. வெளிப்பக்கம் காணும் பொங்கல் கழிச்சு வர்றேன். இப்ப தொடச்சா புகை படிஞ்சு உங்க காசு வீணாயிடும்” என்றார் மூத்தவர்.

இரண்டு தடவை வந்தால் இரண்டு கூலியா என்று அந்த அம்மா கேட்டிருக்க வேண்டும்.

“இல்லம்மா, ஒண்ணுதான். ரெண்டாவது தடவை முடிஞ்சதும் குடுங்க. அன்னிக்கு உங்க பிளாக்ல வேற யாருக்காவது வேணுமான்னு மட்டும் கேட்டு வைங்க.”