பாதியில் நின்ற தையல்



பட்டணத்து வீடுகளில் இடம் குறைவு. ஆயினும் கட்டிலுக்கு அடியிலுள்ள பெட்டியிலோ பரணிலோ, பாதியில் நின்ற தையல்வேலை ஒன்று அநேக வீடுகளில் கிடக்கிறது. அது தலையணை உறையாயிருக்கலாம், குரோஷா பின்னலாயிருக்கலாம். ஆசையாய்த் தொடங்கினீர்கள், பிள்ளைகள், வேலை, வீடு மாற்றம் என்று காலம் ஓடிவிட்டது. அதைக் காணும்போதெல்லாம் மனம் குறுகி மறுபடியும் மூடி வைத்துவிடுகிறீர்கள் அல்லவா? இம்மாதம் அந்தப் பெட்டியைத் திறக்கும்படி உங்களை அழைக்கிறேன்.

என் மனைவியின் சொந்த ஊர் நாகர்கோவில் அருகே உள்ளது. 1819-ல் நாகர்கோவிலுக்கு வந்த மிஷனெரி மார்த்தா மால்ட் அம்மையார், அங்குள்ள பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்த ஊசியும் நூலும் அநேக ஏழைப் பெண்களுக்குப் பிழைப்பாயின. தாய் மகளுக்குக் கைவேலை சொல்லிக்கொடுப்பது அவ்வட்டாரத்து வீடுகளில் வழிவழியாய் வந்த பழக்கம்.

என் மாமியாரும் மகளை அருகில் உட்காரவைத்து, மேட்டி துணியில் ஒரு மேசை விரிப்பைத் தொடங்கினார்கள். நான்கு மூலைகளிலும் ரோஜாக் கொத்து, ஓரமெங்கும் கொடி, எல்லாம் கிராஸ் ஸ்டிச். மூன்று மூலைகள் முடிந்தன. நான்காவது மூலைக்கு வந்தபோது அவர்களுடைய கண் மங்கியிருந்தது, கையும் நடுங்கிற்று. 1998-ல் அவர்கள் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். ஊசி குத்தியபடியே மடிக்கப்பட்ட அந்தத் துணி எங்களோடு மும்பைக்கு வந்தது. 20 வருஷங்களுக்கு மேலாக என் மனைவி அதைத் தொடவில்லை.

பின்பு ஒருநாள் அதை எடுத்து விரித்தார். ஊசி இருந்த இடத்தில் துருக்கறை. மடிப்புகளில் மஞ்சள் கோடு. முதலில் ஈரமான வெள்ளைத் துணியை நூலின் பின்புறம் அழுத்தி, சாயம் இறங்குகிறதா என்று பார்த்தார். இறங்கவில்லை. நூலில் படாதபடி கறையின்மேல் மாத்திரம் எலுமிச்சைச் சாறும் உப்பும் இட்டு அலசினார். பிறகு குளிர்ந்த நீரில் மென்மையான சோப்புத்தூளிட்டு ஊறவைத்து, முறுக்கிப் பிழியாமல் நிழலில் உலர்த்தினார்.

நூல் வாங்கும்போதும் கவனம் தேவை. அதே எண்ணுள்ள நூற்கண்டே கிடைத்தாலும், வேறொரு முறை சாயமிட்டதானால் நிறம் சற்று மாறலாம். ஆகையால் பாதிப் பூவில் புதிய நூலைச் சேர்க்காமல், ஒரு முழு இலைக்கோ பூவுக்கோ அதை உபயோகிப்பது நல்லது. மேல் தையல் எந்தப் பக்கமாய்ச் சாய்ந்திருக்கிறதென்று பழைய வேலையைப் பார்த்து, அப்படியே தொடருங்கள்.

இவையெல்லாம் எளிது. நான்காவது மூலைதான் கடினமாயிருந்தது. தாயார் கடைசியாய்ப் போட்ட தையல்கள் கோணலாயிருந்தன; கொடியில் இரண்டு கட்டங்கள் எண்ணிக்கை தவறியிருந்தது. பிரித்துவிட்டுத் திரும்பப் போடலாம் என்று கத்தரிக்கோலை எடுத்தவர், நெடுநேரம் பேசாமலிருந்தார். "பிரித்தால் விரிப்பு அழகாகிவிடும், ஆனால் அம்மாவின் கடைசி நாட்கள் இதில் இராது" என்றார். பிரிக்கவில்லை. தவறிய இரண்டு கட்டங்களை நிரப்ப ஓர் இலையைக் கூடுதலாய்ச் சேர்த்து, தாயார் விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தார்.

யோப்பாவில் தொற்காள் மரித்தபோது, அவள் செய்த வஸ்திரங்களை விதவைகள் அழுதுகொண்டே காண்பித்தார்களே! தையலின் நேர்த்தியையா அவர்கள் எண்ணினார்கள்? அதைச் செய்த கைகளை அல்லவா நினைத்தார்கள்!

அருமையானவர்களே, முழுவதையும் முடித்தே தீரவேண்டும் என்று உட்காராதிருங்கள். இன்று ஓர் இலையை முடியுங்கள். ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில் 15 நிமிஷம் போதும். இளமையில் போட்ட தையலைப்போல இன்றைய தையல் இல்லையே என்று வருந்தவும் வேண்டாம். அன்றைய கை வேறு, இன்றைய கை வேறு. இரண்டையும் ஒரே துணி தாங்கும். எழுந்திருக்கும்போது ஊசியைத் துணியில் விட்டுவிடாமல் எடுத்து வையுங்கள். கூடுமானால் ஒரு பிள்ளையை அருகில் உட்காரவையுங்கள். நாம் விடும் இடத்திலிருந்து தொடர ஒரு கை வேண்டுமே.

கர்த்தர் உங்கள் கைகளின் பிரயாசத்தை ஆசீர்வதிப்பாராக.