லேசாகக் கிள்ளும்

வால்வு ஆம்ப்ளிஃபயரைத் திறப்பதற்கு முன்னால் வளையலையும் தாலிக்கொடியையும் கழற்றி வைத்துவிடுவேன். பெட்டிக்குள்ளே 300 முதல் 450 வோல்ட் வரை ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெபாசிட்டர்கள் அதைத் தேக்கி வைத்திருக்கும். குனியும்போது தொங்குகிற சங்கிலி அதன்மேல் பட்டால், அது மாங்கல்யம் என்று மின்சாரத்துக்குத் தெரியாது. "விளக்கு வச்ச நேரத்துல வெறுங்கழுத்தோட உக்காராதம்மா" என்றார் அத்தை. சரி, பகலில் மட்டும் திறக்கிறேன் என்று சொன்னேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

திருக்கோகர்ணத்தில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் பட்டறை. திருச்சி, புதுக்கோட்டை ஆர்கெஸ்ட்ராக்களிலிருந்தும் சர்ச் பாடகர் குழுக்களிலிருந்தும் எலெக்ட்ரிக் கிடார்கள் வரும். கரகரக்கும் வால்யூம் கண்ட்ரோல், விட்டுப்போன ஒயர், தேய்ந்த ஃபிரெட் என்று பெரும்பாலும் சின்ன வேலைகள். அபூர்வமாக ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயர் வரும். கொண்டு வருகிற தம்பிகள் வாசலில் நின்று, "அக்கா, அண்ணன் எப்ப வருவாரு?" என்று கேட்பார்கள். அண்ணன் வங்கியில் வேலை பார்க்கிறார், அவருக்கு ஃபியூஸ் போடவும் தெரியாது என்று சொன்ன பிறகுதான் பெட்டி என் கைக்கு வரும்.

என் அப்பா மைக்செட் வைத்திருந்தார். திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் போய்வரும் அந்த வால்வு செட்டை அவர் பிரித்துப் போட்டிருக்கும்போது பக்கத்தில் போனால், "தள்ளிப் போ பாப்பா, ஷாக் அடிக்கும்" என்பார். தம்பியும் அங்கேதான் இருப்பான், டார்ச் பிடித்துக்கொண்டு. அதே மின்சாரம்தான். அவனுக்கு எதைத் தொடக்கூடாது என்று சொல்லிக் கொடுத்தார். எனக்குத் தள்ளிப் போகச் சொல்லிக் கொடுத்தார்.

தொடக்கூடாதது எது என்பதை நான் பாலிடெக்னிக்கில்தான் கற்றுக்கொண்டேன். கெபாசிட்டரில் தேங்கியதை ஒரு ரெசிஸ்டர் வழியாக மெதுவாக வடிக்க வேண்டும். வடிந்துவிட்டதா என்று மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியில் அளவெடுக்கும்போது ஒரு கையை மட்டுமே பயன்படுத்த வேண்டும், மற்றது பாக்கெட்டில் இருக்கட்டும் என்பார்கள். ஒரு கையில் நுழைந்த மின்சாரம் மறுகை வழியாக வெளியேறினால் இடையில் இதயம் இருக்கிறது. என் சுடிதாரில் பாக்கெட் கிடையாது. இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வேன். இவ்வளவுதான் விஷயம். பத்து வயதில் சொல்லியிருந்தாலும் எனக்குப் புரிந்திருக்கும்.

இரண்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு ஆர்கெஸ்ட்ராவிலிருந்து பழைய அமெரிக்க வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்று வந்தது. நமது 230 வோல்ட்டை 120 ஆக இறக்கும் டிரான்ஸ்ஃபார்மரோடு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். "உர்ர் சத்தம் மட்டும் போனா போதும்" என்றார்கள். கூட வந்த பெண் அந்தக் குழுவின் பாடகி, கிடாரும் வாசிப்பவள். போகும்போது திரும்பி வந்து சொன்னாள்: "அக்கா, கிடார் கம்பியில கை இருக்கும்போது மைக்குல உதடு பட்டா சுளீர்னு இழுக்குது. கேட்டா, லேசா கிள்ளும், பயப்படாதேங்கிறாங்க."

திறந்து பார்த்தேன். பழைய முறைப்படி இரண்டே ஒயர், எர்த் இல்லை. மெயின் லைனிலிருந்து இரும்புச் சட்டத்துக்கு ஒரு கெபாசிட்டர், இரைச்சலைக் குறைப்பதற்காக வைத்தது. கிடார் கம்பிகள் அதே சட்டத்தோடு இணைந்தவை. கெபாசிட்டர் கசிந்தால் கம்பிக்கு மின்சாரம் வரும். முழுக்கப் பழுதானால் மெயின் மின்சாரமே வரும். பாடகியின் விரல் கம்பியில், உதடு எர்த் ஆன மைக்கில். நடுவில் அவள்தான் ஒயர். 1972 மே மாதம் வேல்ஸ் நாட்டின் ஸ்வான்ஸியில் லெஸ் ஹார்வி என்ற கிடார் கலைஞர் மேடையிலேயே மைக்கைத் தொட்டு மின்சாரம் தாக்கி இறந்துபோனார்.

இதைத்தான் நான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். பெண் பெட்டியைத் திறக்கப் போனால் மின்சாரம் ஆளைக் கொல்லும். அதே மின்சாரம் அவள் உதட்டில் இழுத்தால் லேசாகக் கிள்ளும். ஆபத்தின் அளவை எப்போதும் மீட்டர் வைத்திருப்பவர்தான் சொல்கிறார்.

எங்கள் ஊரில் 1910இல் பிறந்த ரங்கநாயகி அம்மாள் மிருதங்கம் வாசித்தார். புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளையிடம் கற்றவர், அந்த வாத்தியத்தில் பெண்களுக்கு முன்னோடி. மிருதங்கம் வாசிப்பவருக்குக் கல்லும் கட்டையும் எடுத்து வாரைத் தட்டிச் சுருதி சேர்க்கத் தெரிய வேண்டும். இடது பக்கத்தில் ரவையைக் குழைத்து அப்ப வேண்டும், கச்சேரி முடிந்ததும் சுரண்டி எடுக்க வேண்டும். வாசிப்பும் பராமரிப்பும் அங்கே ஒரே கையில் இருந்தன. எலெக்ட்ரிக் கிடார் வந்தபோது பெண்ணுக்கு வாசிப்பை மட்டும் கொடுத்துவிட்டு, பெட்டியை யாரோ எடுத்துக்கொண்டார்கள்.

அதுவும் முழு உண்மையில்லை. கலிஃபோர்னியாவில் ஃபெண்டர் கம்பெனியின் 1950களின் ஆம்ப்ளிஃபயர்களைத் திறந்தால், சிலவற்றின் உள்ளே மாஸ்கிங் டேப்பில் லில்லி, லூப்பே என்று பெண் பெயர்கள் எழுதியிருக்கும். பற்றவைத்தவர்களின் கையெழுத்து. 1956இல் அங்கே சேர்ந்த அபிகெய்ல் இபாரா, தலைமுடியைப் போன்ற மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றி பிக்கப்புகள் செய்தார். 2013இல்தான் ஓய்வு பெற்றார். வெளியே தெரிவது முதலாளியின் பெயர். பெண்களின் பெயரைப் பார்க்க ஸ்குரூவைக் கழற்ற வேண்டும்.

அந்த ஆம்ப்ளிஃபயரில் கெபாசிட்டரை வெட்டி எடுத்தேன். மூன்று ஒயர் போட்டு, எர்த்தைச் சட்டத்தோடு நட்டு வைத்து இறுக்கினேன். வடிகட்டும் கெபாசிட்டர்களையும் புதிதாகப் போட்டதில் உர்ர் சத்தம் போனது. முதல் வால்வு 12ஏஎக்ஸ்7. அதை எடுத்துவிட்டு, அதே சாக்கெட்டில் உட்காரும் 12ஏடி7 போட்டேன். பெருக்கம் 100இலிருந்து 60 ஆகக் குறைந்ததால், மெலடிப் பாட்டுக்கு அவள் வாசிக்கும்போது ஒலி உடையாமல் தெளிவாக வந்தது.

ஆனால் மண்டபத்தின் பிளக்கில் உண்மையிலேயே எர்த் இருக்கிறதா என்பதை என்னால் இங்கிருந்து பார்க்க முடியாது. அதனால் அவளை உட்காரவைத்து மல்டிமீட்டர் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தேன். ஏ.சி. வோல்ட்டில் வை, ஒரு முனை கிடார் கம்பியில், மறுமுனை மைக்கின் வலையில். ஒன்றிரண்டு வோல்ட்டைத் தாண்டினால் பாடாதே.

போன மாதம் ஒரு கல்யாண வரவேற்பில் மீட்டர் 70 காட்டியதாம். மைக்செட்காரர் வழக்கம்போல, "லேசா கிள்ளும்மா, ஒண்ணும் ஆகாது" என்றிருக்கிறார். அவள் மீட்டரை அவர் முகத்துக்கு நேரே காட்டினாள். வேறு பிளக்கிலிருந்து ஒயர் இழுத்துக் கொடுக்க இருபது நிமிடம் ஆனது. மாப்பிள்ளை வீட்டார் காத்திருந்தார்கள்.