நசுங்கிய தட்டு

அப்பா கடைசியாக ஊழியம் செய்த சபைக்கு நூற்றாண்டு விழா. மலர்க் குழுவின் செயலாளர் போன் செய்தார். "அக்கா, ஐயரைப் பத்தி நீங்கதான் ரெண்டு பக்கம் எழுதணும். 'முன்மாதிரிக் குடும்பத் தலைவர்'னு தலைப்பே போட்டுட்டோம்." சரி என்றேன். ஒரு மாதமாகிறது, ஒரு வரிகூட வரவில்லை.

தலைப்பு எங்கிருந்து வந்தது என்று தெரியும். தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் நிருபம், மூன்றாம் அதிகாரம். வீட்டை நடத்தத் தெரியாதவனிடம் சபையை எப்படி ஒப்படைப்பது என்ற கேள்வி அங்கே இருக்கிறது. நியாயமான கேள்வி. பிரசங்க மேடையை மட்டும் பார்த்து ஆளை எடைபோடாதே, அடுக்களை வரை வந்து பார் என்கிறது. வந்து பார்த்தவர்கள் யாரிடம் கேட்டார்கள் என்பதில்தான் எனக்குச் சிக்கல்.

எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். அப்பா அப்போது உபதேசியார். குருப்பட்டத்துக்குப் பெயர் போயிருந்தது. எனக்கு ஒன்பது வயது. பெரியவர்கள் மூன்று பேர் முன்னறையில் உட்கார்ந்தார்கள். நானும் தம்பியும் சங்கீதம் ஒப்பித்தோம். குடும்ப ஜெபம் தவறாமல் நடக்கிறதா என்று அப்பாவிடம் கேட்டார்கள். அம்மாவிடமும் ஒன்று கேட்டார்கள், முறுக்கு வீட்டில் சுட்டதா என்று.

அன்று பலகாரம் வைக்க எடுக்காத தட்டு ஒன்று இருந்தது. விளிம்பு நசுங்கிய எவர்சில்வர் தட்டு. சனிக்கிழமை ராத்திரி அப்பா பிரசங்கம் தயாரிப்பார். வீட்டில் சத்தம் ஆகாது. ஒருமுறை தம்பி இருமினான். தட்டு அம்மாவின் காதோரமாகப் பறந்து சுவரில் பட்டது. அம்மா அதைக் கழுவி, நசுங்கிய பக்கம் உள்ளே இருக்கும்படி அலமாரியில் வைத்தாள். பிறகு அதையே தன் சாப்பாட்டுத் தட்டாக்கிக்கொண்டாள். மறுநாள் பெண்கள் பக்கம் முதல் வரிசையில் உட்கார்ந்து பிரசங்கம் கேட்டாள்.

ஜான் வெஸ்லியின் மனைவி கதையைச் சொல்லி அப்பா சபையைச் சிரிக்க வைப்பார். கோபக்காரி, வெஸ்லியைப் பெரிய ஊழியர் ஆக்கியதே அவள்தானாம். 1751-இல் திருமணம், 1771-இல் அவள் வீட்டைவிட்டுப் போனாள், 1781-இல் செத்தாள். அடக்கம் முடிந்த பிறகுதான் வெஸ்லிக்குத் தெரிந்தது. இது நான் பிற்பாடு படித்தது. பிரசங்கத்தில் வந்ததில்லை.

அந்தத் தீமோத்தேயு வசனத்தில் நம் பழைய வேதாகமத்தின் சொல் 'விசாரிப்பு'. நல்ல சமாரியன் அடிபட்டவனைச் சத்திரக்காரனிடம் ஒப்படைக்கும் இடத்திலும் அதே சொல். கிரேக்கத்திலும் இரண்டு இடத்திலும் ஒரே வினைச்சொல்தான். நாம் துக்கம் விசாரிப்போம், நலம் விசாரிப்போம். போலீஸ்காரரும் விசாரிப்பார்.

அப்பாவுக்கு விசாரிக்கத் தெரியும். சாவு வீடு என்றால் எத்தனை மைல் ஆனாலும் சைக்கிளில் போய் விடிய விடிய உட்கார்ந்திருப்பார். அது பொய்யில்லை. புருஷனிடம் அடிவாங்கி வந்த பெண் ஒருத்திக்கு எங்கள் வீட்டில் இடம் கொடுத்தார், அவள் புருஷனைக் கூப்பிட்டுக் கண்டித்தார். மூன்று நாள் அவள் அம்மாவோடு அடுக்களையில் சாப்பிட்டாள். போகும்போது அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் வெகுநேரம் நின்றாள். எனக்குத் தெரிந்து எங்கள் வீட்டை விசாரித்தவள் அவள் ஒருத்திதான்.

அவருக்கு மேடையேறத் தகுதியில்லை என்று முப்பது வயதில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியவில்லை. பிள்ளைகள் அடங்கியிருப்பதைத் தகுதிக்கு அடையாளமாக வைத்தார்கள். நாங்கள் பயத்தில் அடங்கியிருந்தோம். அவருடைய சான்றிதழில் எங்கள் கையெழுத்தும் இருக்கிறது.

மலர் விஷயத்தை அம்மாவிடம் சொன்னேன். "எழுதேன். அவுக நல்லாத்தான் நடத்துனாக. நாம நடந்தோம்லா," என்றாள். கொஞ்சம் கழித்து, "தட்டைப் பத்தியும் எழுதுவியோ?" என்றாள்.

"எழுதட்டாம்மா?"

அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். "அன்னைக்குத் தம்பி இருமுனதுக்கு இல்லட்டி. பிரசங்கத்தை வாசிச்சுக் காமிச்சாக. அந்த வசனத்துக்கு அர்த்தம் அப்படி இல்லையேன்னு சொல்லிட்டேன்."

இத்தனை வருடமும் தம்பி இருமியதால்தான் என்று நினைத்திருந்தேன். தம்பியும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறான்.