வாடகை வாங்காத வீடு

பின்லாந்தில் பல்கலைக்கழகப் படிப்புக்குப் போகிறவர் மாணவர் குடியிருப்பில் அறை எடுத்து, தானே சமைத்துச் சாப்பிட்டு, ஆங்கிலத்திலேயே பட்டம் வாங்கித் திரும்பிவிடலாம். பள்ளி வயதில் பரிமாற்ற மாணவராகப் போகிறவர் அங்கே ஒரு குடும்பத்தோடு ஏறக்குறைய பத்து மாதம் வாழ்கிறார். நாட்டை அறிய இரண்டாவது வழியே மேல் என்பது என் கட்சி. போரில் ஆம்புலன்ஸ் ஓட்டிய தொண்டர்களின் அமைப்பான ஏ.எஃப்.எஸ். 1947இல் மாணவர் பரிமாற்றத்தைத் தொடங்கியது. அதன் ஏற்பாட்டில் இன்றும் மாணவர்தான் அமைப்புக்குக் கட்டணம் கட்டுகிறார். வீட்டில் இடம் தரும் குடும்பத்துக்குச் சம்பளமோ வாடகையோ பொதுவாகக் கிடையாது. எல்லாம் இதில்தான் இருக்கிறது. வாடகை கொடுப்பவர் கதவைச் சாத்திக்கொண்டு தன் பாட்டுக்கு இருக்கலாம். கொடுக்காதவர் விருந்தாளியாகக் காலம் தள்ளவும் முடியாது. விருந்தும் மருந்தும் மூன்று நாள். நான்காம் நாள் முதல் பாத்திரம் கழுவுவதிலும் வாசல் பனியை வாருவதிலும் அவருக்கும் ஒரு முறை வரும். அந்த முறை வரும்போதுதான் அவர் அந்த வீட்டில் ஒருவராகிறார்.

‘சாப்பிட்டாயா?’ என்று நாலு தடவை கேட்காத வீடு நம் பிள்ளைகளுக்கு முதலில் அந்நியமாகத்தான் படும். குளிர்பதனப் பெட்டியில் உணவு இருக்கிறது, பசித்தால் எடுத்துக்கொள் என்பதோடு பேச்சு முடிந்துவிடலாம். இதைப் பாசக்குறைவு என்று எண்ணுபவர்கள், அங்கே ஏழு வயதுக் குழந்தை வீட்டுச் சாவியோடு தனியே பள்ளிக்குப் போய்வருவதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பதினாறு வயதுக்காரரை விசாரிக்காமல் விடுவது அங்கே அவரை மதிப்பதன் அடையாளம். மௌனமும் அப்படியே, பேசாமல் ஒரே அறையில் உட்கார்ந்திருப்பதை யாரும் கோபம் என்று எடுத்துக்கொள்வதில்லை. பள்ளியிலேயே இதெல்லாம் பழகிவிடாதா என்றால், கடினம். ஆசிரியரைப் பெயர் சொல்லி அழைக்கலாம், மதிய உணவு எல்லா மாணவருக்கும் இலவசம் என்பதெல்லாம் சரி. ஆனால் ‘லுகியோ’ என்னும் மேல்நிலைப் பள்ளியில் ஒவ்வொருவரும் தனக்கான பாடங்களைத் தானே தேர்ந்துகொள்வதால், பாடத்துக்குப் பாடம் பக்கத்தில் இருப்பவர் மாறிவிடுகிறார். நம் பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு போல வருடம் முழுக்க ஒட்டியிருக்கும் கூட்டம் அங்கே அமைவது அரிது. அந்த வெற்றிடத்தை நிரப்ப வீடுதான் இருக்கிறது.

பின்லாந்துக்காரர்கள்தான் நன்றாக ஆங்கிலம் பேசுகிறார்களே, வீட்டில் தங்கி என்ன மொழி கற்க வேண்டியிருக்கிறது என்று கேட்கலாம். பேசுகிறார்கள், உங்களிடம். அண்ணன் தங்கைச் சண்டை ஆங்கிலத்தில் நடப்பதில்லை. பாட்டி வந்தால் ஆங்கிலம் தானாக விலகிவிடும். அதோடு, பின்னிஷில் பாடநூல் மொழி வேறு, பேச்சு மொழி வேறு. இது தமிழருக்குப் புதிதல்ல. எழுத்துத் தமிழ் மட்டும் படித்துவிட்டு மதுரைச் சந்தையில் நிற்பவரின் திண்டாட்டம் நமக்குத் தெரியும். பதினைந்து வேற்றுமைகளைப் பாடநூல் சொல்லித்தரும். அவற்றின் உருபுகளை எங்கே விழுங்க வேண்டும் என்பதைச் சாப்பாட்டு மேசைதான் சொல்லித்தரும்.

ஒரு குடும்பம் ஒரு நாடாகிவிடுமா என்பது வலுவான கேள்வி. ஆகாது. மேற்குக் கரையில் ஸ்வீடிஷ் பேசும் வீட்டில் தங்கியவரின் பின்லாந்தும் ஹெல்சிங்கி அடுக்குமாடியில் தங்கியவரின் பின்லாந்தும் வேறு வேறு. ஆனால் விடுதியில் இருப்பவருக்கு வாய்ப்பது பெரும்பாலும் மற்ற வெளிநாட்டு மாணவர்களின் சகவாசம். அவருக்கு அந்த ஒரு வீடுகூடக் கிடைப்பதில்லை. பிள்ளையை அப்படி ஒரு வீட்டுக்கு அனுப்புவதில் பெற்றோரின் முதல் தயக்கம் சவுனா என்னும் நீராவிக் குளியலாக இருக்கும். சுமார் 55 லட்சம் பேர் வாழும் நாட்டில் ஏறத்தாழ 30 லட்சம் சவுனாக்கள் இருப்பதாகச் சொல்கிறார்கள். ஆடையின்றி நீராவியில் உட்காருவது அங்கே சாதாரண வழக்கம். விருப்பமில்லை என்று சொல்வதும் சாதாரணம்தான். குடும்பத்தோடு ஒத்துப்போகாவிட்டால் வேறு வீட்டுக்கு மாற்றவும் அமைப்பில் வழியுண்டு.

எனக்குப் பதில் சொல்லக் கடினமான ஆட்சேபம் ஒன்றுதான்: படிப்பில் விழும் இடைவெளி. அங்கே பள்ளி ஆகஸ்டில் தொடங்குகிறது, நமக்கு ஜூனில். பிளஸ் டூ நடுவே போய்வருபவர் பெரும்பாலும் ஒரு வருடத்தை இழப்பார். நுழைவுத் தேர்வை நம்பியிருக்கும் வீட்டில் அது சிறிய விலை அல்ல. வயது வரம்பு இடம் கொடுத்தால் பிளஸ் டூ முடித்தபின் போவதே புத்திசாலித்தனம். கல்லூரி ஒரு வருடம் தள்ளிப்போவதற்கு அப்பாவைச் சம்மதிக்கவைப்பது தனிப் போராட்டம்.