அரை கிரவுண்டு, மூன்றடி மண்

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வேளச்சேரி விஜயநகர் பஸ் ஸ்டாண்டு அருகே நிற்கச் சொல்லியிருந்தார் புரோக்கர். பத்தே காலுக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம், கையில் இரண்டு செல்போன். இரண்டிலும் இரண்டு பேருக்கு ஒரே மனைக்கு இரண்டு விலை சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் பி.காம். வரவு தெரியும், செலவு தெரியும், தேய்மானம் கூடத் தெரியும். மண் தெரியாது. வாடகை வீட்டிலேயே பத்து வருஷம் ஓட்டியாகிவிட்டது. ஒரு நாள் வீட்டுக்காரர் படியேறி வந்து, "மோட்டாரை ஏன் சார் ரெண்டு தடவை போட்டீங்க?" என்று கேட்டார். அன்று ராத்திரியே முடிவாகிவிட்டது, அரை கிரவுண்டாவது சொந்தமாக வாங்குவதென்று. முடிவெடுத்தது யார் என்று கல்யாணமானவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டோக்கன் அட்வான்ஸ் 25,000 ரூபாய் சட்டைப் பையில், அதன்மேல் காவலுக்குக் கர்ச்சீப்.

பைக்கில் தாம்பரம் ரோட்டில் கிளம்பினோம். கொஞ்ச தூரத்தில் இடது பக்கம் கட்டடங்கள் விலகி, திடீரென்று வானம் பெரிதாகிறது. கோரையும் சம்பங்கோரையும் காற்றில் சாய்கின்றன. நடுவே தகடு மாதிரி தண்ணீர். கூழைக்கடா நாலு, ரிட்டயர்டு ஆபீஸர்கள் போல உட்கார்ந்திருந்தன. நீலத்தாழைக்கோழி ஒன்று சிவப்புக் காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தது. சீசனில் பூநாரை கூட வரும். அதற்குப் பின்னால் ஐ.டி. கம்பெனிகளின் கண்ணாடி மாளிகைகள். இந்தப் பக்கம் பெருங்குடிக் குப்பைமேடு இருந்த திசையிலிருந்து ஒரு வாசனை. பைக்கை நிறுத்திவிட்டேன்.

"ஃப்ரீ ஏசி சார்" என்றார் புரோக்கர். "பால்கனியில உக்காந்தா ஸ்விட்சர்லாந்துதான்."

இதுதான் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். தினமும் கம்பெனி பஸ்ஸில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு தாண்டுகிறீர்களே, அதே இடம். தென்சென்னையின் ஏரிகள் ஒன்று நிரம்பி இன்னொன்றுக்கு வழிந்து, கடைசியில் எல்லாம் இங்கேதான் வந்து சேரும். நாராயணபுரம், கீழ்க்கட்டளை என்று ஊருக்கு ஓர் ஏரி. சுமார் 250 சதுர கிலோமீட்டரில் பெய்கிற மழைக்கு இது தொட்டி. தொட்டியிலிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய், அங்கிருந்து முட்டுக்காட்டில் கடல். தரை ஏறக்குறைய மட்டமானது. அதனால் தண்ணீருக்கு அவசரம் கிடையாது. பரந்து நின்று, யோசித்து, மெதுவாகத்தான் போகும். அப்படி நிற்பதற்கு அதற்கு இடம் வேண்டும்.

1960-களில் அந்த இடம் 5,000 ஹெக்டேருக்கு மேல் என்கிறார்கள். ஐம்பதே வருஷத்தில் சுமார் 600 ஹெக்டேர். கணக்குப் பாடத்தில் எந்த மெஷினுக்கும் நான் இவ்வளவு தேய்மானம் போட்டதில்லை.

எப்படிப் போயிற்று? ஒருவனும் ராத்திரியோடு ராத்திரியாகத் திருடிக்கொண்டு போகவில்லை. பேப்பரில் போயிற்று. வெள்ளைக்காரன் நிலத்தை அளந்தபோது அவனுக்கு ஒரே கேள்விதான்: இது வரி கட்டுமா? நெல் விளைந்தால் கட்டும். கோரை விளைந்தால்? கட்டாது. வரி கட்டாத சதுப்பு, கணக்கில் தரிசு. நம் ஆட்கள் இதைக் கழுவெளி என்று அழகாகக் கூப்பிட்டிருந்தார்கள். கோரை அறுத்தார்கள், மீன் பிடித்தார்கள், மாடு மேய்த்தார்கள். அதற்கெல்லாம் ரசீது இல்லை. ரசீது இல்லாத உபயோகம் உபயோகமில்லை என்று ஆகிவிட்டது.

'புறம்போக்கு' என்ற வார்த்தையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏரிப் புறம்போக்கு, மேய்க்கால் புறம்போக்கு, களத்துப் புறம்போக்கு. ஊருக்கெல்லாம் பொதுவான இடம், ஒருத்தர் பேரிலும் எழுதக் கூடாது என்று அர்த்தம். இன்று பஸ்ஸில் காலை மிதித்தவனைத் திட்ட அதை உபயோகிக்கிறோம்.

தரிசு என்று எழுதிவிட்டால் அப்புறம் சுலபம். குப்பை கொட்ட இடம் வேண்டுமா? அங்கே தரிசு இருக்கிறது. ஆராய்ச்சி நிலையம், ரயில் நிலையம், ரோடு? அங்கே தரிசு இருக்கிறது. கடல் தொழில்நுட்பத்துக்கான தேசிய நிறுவனமே இந்தச் சதுப்பில்தான் எழும்பியிருக்கிறது. துரைப்பாக்கம் – பல்லாவரம் ரேடியல் ரோடு சதுப்பை நடுவே வகிர்ந்துகொண்டு போகிறது. பக்கத்தில் வேளச்சேரி ஏரி: சுமார் 265 ஏக்கர் இருந்தது, 55 ஏக்கருக்கு வந்துவிட்டது. ஏரிக்குள் அரசாங்கமே வீடு கட்டி விற்றிருக்கிறது.

அப்புறம் ஞானோதயம். 2007-ல் 317 ஹெக்டேரைக் காப்புக் காடாக அறிவித்தார்கள். 2022-ல் சுமார் 1,247 ஹெக்டேர் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அதாவது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம். நூறு வருஷத் தரிசு ஒரே நாளில் வி.ஐ.பி.

சரி, மனைக்கு வருவோம். மெயின் ரோட்டிலிருந்து நாலு திருப்பம். 1,200 சதுர அடி, அச்சடித்த மாதிரி அரை கிரவுண்டு. நான் ஆக்கிரமிப்பு என்று பயந்துகொண்டே போனேன். இல்லை. பட்டா உண்டு, மூலப் பத்திரம் உண்டு, 30 வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்த சான்று உண்டு. சட்டப்படி ஒரு குறையும் இல்லை. பழைய சிட்டா நகலில் மட்டும் 'நஞ்சை' என்று ஒரு வார்த்தை கண்ணில் பட்டது.

"நஞ்சைன்னா தண்ணி நிக்கிற நிலம்தானே?"

"அது அந்தக் காலத்துப் பேரு சார். இப்ப மனை."

"தண்ணிக்கு அது தெரியுமா?"

"சார் ஜோக்கா பேசறீங்க. மூணடி சவுடு அடிச்சு, அதுக்கு மேல பேஸ்மென்ட் போட்டா, சுனாமியே வந்தாலும் உங்களைத் தொடாது. இந்தத் தெருவுல எல்லாரும் அப்படித்தான்."

எல்லாரும் இல்லை. பக்கத்து மனையில் ஓர் ஓட்டு வீடு, ரோட்டைவிட இரண்டடி பள்ளத்தில். வீடு இறங்கவில்லை, ரோடு ஏறியிருக்கிறது. வாசலில் நாலு வரிசைச் செங்கல்லை அடுக்கி சிமெண்ட் பூசியிருந்தது. அதைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். திண்ணையில் ஒரு பெரியவர், லுங்கியும் துண்டுமாக.

"மனை பாக்க வந்தியா தம்பி?"

"ஆமாங்கய்யா."

"வாங்கு, வாங்கு. நல்ல எடம். எங்கப்பா காலத்துல இது கழனி. மழைக்குத் தண்ணி வரும், ஒரு வாரம் நிக்கும், போயிடும். பயிர் கொஞ்சம் அழுவும், அவ்வளவுதான். ஊட்டுக்குள்ள வந்ததில்ல." எதிர் வீட்டைக் காட்டினார். "அவரு மண்ணு அடிச்சாரு. ரெண்டாயிரத்து பதினஞ்சுல முட்டி வரிக்கும் வந்துச்சு. அப்பால இந்தாண்ட ஊட்டுக்காரரு அதைவிட ஒரு அடி ஏத்தினாரு. ரெண்டாயிரத்து இருவத்திமூணுல இடுப்பு. பேரப் புள்ளைய தோள்ல தூக்கிக்கினு மொட்டை மாடி ஊட்டுக்குப் போனோம். அதுவும் அவரு ஊடுதான். நல்ல மனுசன், டீ குடுத்தாரு."

கொஞ்சம் நிறுத்திவிட்டு, என்னைப் பார்த்துக் கேட்டார்.

"நீ எத்தினி அடி ஏத்தப் போற?"

குரலில் கோபமே இல்லை. கல்யாணத்துக்கு எத்தனை பேர் வருகிறீர்கள் என்று சமையல்காரர் கேட்பாரே, அந்த மாதிரி. எத்தனை வரிசைச் செங்கல் வாங்க வேண்டும் என்று அவருக்குத் தெரிய வேண்டாமா?

எனக்குத் தெரிந்த ஒரே வித்தை கணக்கு. பைக் சீட்டில் உட்கார்ந்து வில்லங்கச் சான்றின் பின்பக்கம் போட்டுப் பார்த்தேன். 1,200 சதுர அடி, மூன்றடி உயரம்: 3,600 கன அடி. ஒரு கன அடி 28 லிட்டர் சொச்சம். மொத்தம் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல். 12,000 லிட்டர் தண்ணி லாரி இருக்கிறதே, அதில் எட்டு லாரிக்கு மேல். மே மாதம் இதே தெருவில் காசு கொடுத்து வாங்குகிற எட்டு லாரித் தண்ணீரை, டிசம்பரில் 'என் மனையில் நிற்காதே, பக்கத்து வீட்டுக்குப் போ' என்று தள்ளிவிடப் போகிறேன். நான் ஒருத்தன். தெருவில் நாற்பது மனை. அந்தச் சவுடு மண்ணும் ஆகாசத்திலிருந்து வராது, எங்கோ ஓர் இடத்தைத் தோண்டித்தான் வரும். டபுள் என்ட்ரி என்றால் இதுதான் என்று காலேஜில் ஒரு வாத்தியாரும் சொல்லித் தரவில்லை.

"என்ன சார், கால்குலேஷன் எல்லாம் பலமா இருக்கு? டோக்கன் போட்டுடலாமா?"

"வீட்ல ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்" என்றேன். தமிழ்நாட்டில் ஆண்மகன் தப்பிக்க ஆண்டவன் கொடுத்த வாக்கியம் அது. புரோக்கர் முகத்தில் சந்தனம் மட்டும் பாக்கி இருந்தது.

வீட்டில் நடந்ததை எழுதினால் இந்தப் பக்கம் போதாது. "ஊர்ல எல்லாரும் வாங்கறாங்க, உங்களுக்கு மட்டும் எங்கேருந்து வருது இந்த ஞானம்?" என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நியாயமான கேள்விதான். நான் வாங்காவிட்டால் அந்த எட்டு லாரித் தண்ணீர் அங்கேயே நிற்கும் என்று யாராவது எழுதித் தருவார்களா? ஐ.டி. காரிடாரில் வேலை, பக்கத்தில் வீடு வேண்டும், கையில் இருப்பது இவ்வளவுதான் என்கிறவன் வேறு எங்கே போவான்? செவ்வாய் கிரகத்தில் இன்னும் பட்டா தருவதில்லை.

பத்து நாள் கழித்து புரோக்கரே போன் செய்தார்.

"சார், அந்த மனை முடிஞ்சுது. பேங்க்ல வேலை பாக்கறவரு. உங்களை மாதிரிதான், யங்ஸ்டர். பூமி பூஜை போட்டாச்சு. நாலடி ஏத்தறாரு."

"மூணடின்னு சொன்னீங்களே?"

"எதிர் வீட்டுக்காரரு மறுபடி ஏத்தப் போறாராம் சார். அதான் இவரு முன்ஜாக்கிரதையா..."

மழைக்கு முன்னால் ஒரு தடவை போய்ப் பெரியவரைப் பார்க்க வேண்டும். வாசலில் செங்கல் இப்போது எத்தனை வரிசையோ.