பட்டியலில் இல்லாத சரக்கு

எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் வழக்கில் நான் எந்தத் தரப்புக்காகவும் தோன்றவில்லை. ஆனாலும் புதுக்கடையில் உயர் நீதிமன்றம் அந்த அடிப்படை உரிமை மனுக்களை விசாரித்தபோது, நேரம் வாய்த்தபோதெல்லாம் பின்வரிசையில் போய் உட்கார்ந்தேன். சுற்றாடல் வழக்குகளோடு நெடுங்காலம் பழகியவன் என்பதால், சட்டம் எந்த இடத்தில் திணறும் என்று ஓரளவு ஊகித்திருந்தேன்.

2021 மே 20ஆம் திகதி கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த அந்தக் கப்பலில் தீப்பிடித்தது. ஜூன் 2ஆம் திகதி நீர்கொழும்புப் பக்கம் தாழத் தொடங்கியது. கப்பலில் இருந்த நைத்திரிக் அமிலக் கொள்கலன் ஒன்று அதற்கு முன்பே கசியத் தொடங்கியிருந்தது. அதை இறக்கித் தரும்படி கட்டாரின் ஹமாத் துறைமுகத்திடமும் குஜராத்தின் ஹசீராவிடமும் கேட்டார்கள், இரண்டும் மறுத்தன. கசியும் கொள்கலனை ஏற்றுத்தான் ஆகவேண்டும் என்று எந்தத் துறைமுகத்தையும் கட்டாயப்படுத்தும் விதி இல்லாததால், தட்டிக்கழித்தவர்கள் எவரும் சட்டத்தை மீறியவர்களாகவில்லை. ஆபத்து மட்டும் அடுத்த துறைமுகத்தை நோக்கிப் பயணம் செய்தது.

அமிலமாவது ஆபத்தான சரக்கு என்று பட்டியலில் இருந்தது. கடலைக் கெடுத்ததில் பெரும்பங்கு வகித்ததோ பட்டியலிலேயே இல்லாத ஒன்று: ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள். வாளி முதல் போத்தல் வரை எல்லாவற்றுக்கும் மூலப்பொருளான இவை பயறு அளவு கூட இராது. ஏற்றும்போது சாதாரணச் சரக்காகவே கணக்கிடப்பட்டன. ஆகவே அமிலத்துக்கு உரிய எச்சரிக்கை எதுவும் இவற்றுக்குச் சட்டப்படி தேவைப்படவில்லை. சரக்குவ கடற்கரையில் குனிந்து ஒரு கைப்பிடி மணலை அள்ளிப் பார்த்தேன். வெள்ளை மணிகளுக்கு நடுவே தீயில் உருகிக் கறுத்து ஒட்டிய கட்டிகளும் இருந்தன. மணலைச் சல்லடையில் அரித்துப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த அலை புதிதாகக் கொண்டுவந்து கொட்டியது. மீன் அவற்றை முட்டையென்று நினைத்து விழுங்கும். செத்து ஒதுங்கிய மீன்களின் வாயிலும் செவுளிலும் அவை சிக்கியிருந்த படங்களை அந்நாட்களில் நாடே பார்த்தது.

நானூறுக்கும் மேற்பட்ட கடலாமைகள் கரையொதுங்கின. டொல்பின்களும் திமிங்கிலங்களும் ஒதுங்கின. ஆனால் ஆமை மனுதாரராக முடியாது. நமது அரசியலமைப்பின் அடிப்படை உரிமை அத்தியாயத்தில் சுற்றாடலுக்கான உரிமை என்று தனியாக ஒன்றும் எழுதப்படவில்லை. இந்தச் சுவரில் 2000ஆம் ஆண்டிலேயே ஒரு கதவு திறக்கப்பட்டிருந்தது. எப்பாவல பொஸ்பேற் அகழ்வு வழக்கில் விவசாயிகள் சமத்துவத்தையும் தொழில் செய்யும் உரிமையையும் முன்வைத்து வாதாட, இயற்கை வளங்களுக்கு அரசு உரிமையாளர் அல்ல, பாதுகாவலரே என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. எக்ஸ்பிரஸ் பேர்ள் மனுதாரர்களும் அதே கதவால்தான் நுழைந்தார்கள். கடற்றொழிலாளியின் பிழைப்பு என்ற பிடி இல்லாவிட்டால் ஆமைக்காகப் பேச வழி மிகக் குறுகியதாக இருந்திருக்கும்.

என்னை அதிகம் வருத்தியது இன்னொரு விதி. கப்பல் உரிமையாளரின் பொறுப்புக்கு எல்லை வகுக்கும் சர்வதேச உடன்படிக்கை, அந்த எல்லையைக் கப்பலின் தொன் அளவை வைத்துக் கணக்கிடுகிறது. விளைந்த சேதத்தை வைத்தல்ல. லண்டன் நீதிமன்றம் 2023இல் அந்தக் கணக்குப்படி சுமார் 19 மில்லியன் பவுண் என்று வரையறுத்தது. கடல் வணிகத்துக்கு முதலிடவும் காப்புறுதி செய்யவும் இப்படி ஓர் எல்லை வேண்டும் என்ற வாதத்தை நான் ஒதுக்கவில்லை. ஆனால் அந்த எல்லைக்கு அப்பால் எஞ்சும் நட்டத்தை யாரோ சுமக்கத்தான் வேண்டும்.

சுமந்தவர்களில் ஒருவர் என்னிடம் வந்தார். நீர்கொழும்பில் மீன் வாங்கிக் கருவாடு போட்டு விற்கும் அம்மா. மீன்பிடிக்குத் தடை வந்தபோது அவருடைய வேலையும் நின்றது. நட்டஈட்டுப் படிவத்தில் படகின் பதிவு இலக்கம் கேட்டிருந்தார்கள். “படகு இல்லாட்டி எனக்கு நட்டமே இல்லையோ ஐயா?” என்று கேட்டார். நட்டம் இருந்தது, அதைக் காட்ட ஒரு துண்டுக் கடதாசி இல்லை. வழக்கமாக மீன் கொடுத்த சம்மாட்டியிடம் கடிதம் வாங்கி, சத்தியக்கடதாசி தயாரித்து, வேறு வழியில் முயன்றோம். நட்டஈட்டு அலுவலகம் கோப்பைத் திருப்பி அனுப்பியது.

2025 ஜூலை 24ஆம் திகதி தீர்ப்பு வந்தது. பிரதம நீதியரசர் முர்து பெர்னாண்டோ தலைமையிலான ஐவர் குழாம், மாசுபடுத்தியவரே செலவை ஏற்கவேண்டும் என்று கூறி, கப்பல் தரப்பு முதற்கட்டமாக ஒரு பில்லியன் டொலர் செலுத்தவேண்டுமெனக் கட்டளையிட்டது. கடமை தவறிய அரச தரப்பினரையும் அது விட்டுவைக்கவில்லை. தொன் கணக்கை விட்டுச் சேதக் கணக்கை எடுத்த தீர்ப்பு என்பதால் நான் அதைப் பெரிதாக மதிக்கிறேன். ஆனால் பணம் செலுத்தப்போவதில்லை என்று கப்பல் நிறுவனம் வெளிப்படையாகவே அறிவித்துவிட்டது. இலங்கையின் தீர்ப்பை வெளிநாட்டில் நிறைவேற்றுவது தனிப் போராட்டம்.

பிளாஸ்டிக் மணிகளைப் பாதுகாப்பாக ஏற்றும் முறைபற்றிச் சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2024இல் வழிகாட்டல் வெளியிட்டது; அது பரிந்துரைதான், கட்டாயமல்ல. அதைக் கட்டாயமாக்க நம் அரசு அங்கே விடாமல் வாதாட வேண்டும். கரையோரத்தில் வாழ்பவர்களிடம் நான் கேட்பது இதுதான்: மணி ஒதுங்கினால், ஆமை ஒதுங்கினால் இடத்தையும் திகதியையும் குறித்துப் படம் எடுத்து வையுங்கள். படகில்லாமல் கடலை நம்பிப் பிழைப்பவர்கள், மீன் வாங்கிய துண்டுச்சீட்டையும் எறியாதீர்கள். கையெழுத்தும் திகதியும் இருந்தால் அதையும் நீதிமன்றத்தில் காட்டலாம்.