கிடைக்கவில்லை என்று எழுதுவது

நாங்கள் இருவரும் ஜியோகேஷிங் விளையாடத் தொடங்கிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. கண்டெடுத்த பெட்டிகளின் கணக்கு எங்களிடம் துல்லியமாக உண்டு. தேடித் தோற்றவற்றின் கணக்குதான் நெடுநாள் வரை இல்லாதிருந்தது. மறந்ததால் அல்ல, எழுதக் கூசியதால்.

விளையாட்டை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். ஜி.பி.எஸ். சமிக்ஞையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே கலந்துவைத்திருந்த பிழை 2000 மே 2 அன்று நீக்கப்பட்டது. அதுவரை நூறு மீட்டர் வரை தடுமாறிக்கொண்டிருந்த கருவிகள் ஒரே இரவில் நம்பத்தக்கவை ஆயின. மறுநாளே ஆரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் என்னும் ஊரருகே டேவ் அல்மர் என்பவர் ஒரு வாளியில் சில பொருள்களை இட்டு மறைத்துவைத்து, அவ்விடத்தின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் இணையத்தில் அறிவித்தார். அப்பொருள்களுள் ஒரு பீன்ஸ் டப்பாவும் இருந்தது. இன்று உலகெங்கும் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் மறைந்திருக்கின்றன. ராணுவத் தோட்டாப் பெட்டி முதல் விரல்நுனியளவு காந்தக் குப்பி வரை அளவுகள் பல. உள்ளே ஒரு குறிப்பேடு அல்லது காகிதச் சுருள் இருக்கும். அதில் ஒப்பமிட்டு, பெட்டியை இருந்தபடியே வைத்துவிட்டு, வீடு திரும்பி விளையாட்டின் தளத்தில் அறிவிக்க வேண்டும். கண்டவருக்கு மஞ்சள் நிறத்தில் சிரித்த முகம். காணாதவருக்கு நீல நிறத்தில் வாடிய முகம். அந்த நீல முகத்தைத்தான் நாங்கள் தவிர்த்துவந்தோம்.

சியாட்டிலுக்குக் கிழக்கே, கேஸ்கேட் மலையடிவாரத்தில் ஒரு காட்டுப்பாதை. நூறாண்டுகளுக்கு முன் அங்கே பெருமரங்களை வெட்டியவர்கள், தரையிலிருந்து உயரத்தில் நின்று அறுப்பதற்காக அடிமரத்தில் வாய்போல் ஒரு வெட்டு வெட்டி, அதில் பலகையைச் செருகி, அதன்மேல் நின்றார்கள். மரங்கள் போய்விட்டன. அந்த வெட்டுகளோடு அடிமரங்கள் இன்னும் பாசி மூடி நிற்கின்றன. அவற்றுள் ஒன்றின் வெட்டுக்குள் பெட்டி இருக்கிறது என்பது துப்பு. கடினம் ஐந்துக்கு ஒன்றரை. குழந்தைகளும் கண்டெடுக்கலாம் என்று பொருள். ஆனால் அடர்ந்த மரங்களின் கீழ்க் கருவி பத்துப் பதினைந்து மீட்டர் அலையும். அந்தப் பரப்பிலோ ஏழு அடிமரங்கள். நவம்பர் மழையில் ஒன்றரை மணிநேரம் தேடினோம். ஜனவரியில் மீண்டும் சென்றோம். இரண்டு முறையும் ஒன்றும் எழுதவில்லை. அக்டோபரில் கண்டெடுத்தவர் ஒரு நிமிடத்தில் கிடைத்ததாக எழுதியிருந்ததைப் படித்தபின் எழுதக் கை வரவில்லை. மூன்றாம் முறை கண்டுபிடித்து, முதலிரண்டையும் சேர்த்து வேடிக்கையாக எழுதிவிடலாம் என்று எங்களை நாங்களே ஏமாற்றிக்கொண்டோம்.

ஜூன் மாதம் ஒரு தந்தை மூன்று வரிகள் எழுதினார். மகளை அழைத்துக்கொண்டு இரண்டு மணிநேரம் வண்டியோட்டி வந்ததாகவும், அது அவளுடைய முதல் தேடல் என்றும், பெட்டியில் வைப்பதற்காகக் கொண்டுவந்த சிறு குதிரைப் பொம்மையை அவள் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள் என்றும். அவ்வளவுதான். யாரையும் குறை சொல்லவில்லை. அடுத்த நான்கு நாள்களுக்குள், பழைய தேதியிட்டு, ஐந்து நீல முகங்கள் அவருக்குப் பின்னால் வந்து நின்றன. நவம்பர், டிசம்பர், ஜனவரி, மார்ச். அவற்றில் இரண்டு எங்களுடையவை.

பெட்டிக்கு உரியவர் முழங்கால் வலியுள்ள முதிய பெண்மணி. மழைக்காலத்தில் யாரும் வரவில்லை போலும் என்றே அவர் எண்ணியிருந்தாராம். ஏறிச்சென்று பார்த்தபோது அடிமரம் பிளந்து, பெட்டி கீழே சூரல்போல் மண்டிய பெரணிகளுக்குள் மூடி திறந்து கிடந்தது. ஒன்பதாண்டுக் குறிப்பேடு கூழாகியிருந்தது. நவம்பரிலேயே தெரிந்திருந்தால் காகிதத்தையாவது காப்பாற்றியிருக்கலாம் என்று எழுதினார்.

அதன்பின் எழுதத் தொடங்கினோம். எழுதும்போதுதான் அதற்கும் முறை உண்டென்று புரிந்தது. "பெட்டி இல்லை" என்பது தீர்ப்பு. "எங்களுக்குக் கிடைக்கவில்லை" என்பது சாட்சியம். நம் மொழி இந்த வேற்றுமையை எத்தனை எளிதாகத் தருகிறது! எவ்வளவு நேரம் தேடினோம், மழையா வெயிலா, பனி மூடியிருந்ததா என்பதை எழுதலாம். அடுத்தவரின் தேடலைக் கெடுக்கும் விவரம் கூடாது. மறைத்தவரின் அறிவைப் பழிப்பதும் கூடாது. சந்தேகம் மிகுந்தால் அவருக்குத் தனியே எழுதிக் கேட்கலாம். விடை கேட்கக் கூடாது, தேடிய இடம் சரிதானா என்று மட்டும் கேட்கலாம். ஆத்திரத்தில் பாசியைப் பெயர்த்தெறிபவர்களைப் பார்த்திருக்கிறோம். அது மீண்டும் படரப் பல ஆண்டுகள் ஆகும்.

வண்டியை விட்டு இறங்காமலே திரும்பினால் அதுவும் தோல்வியா என்று விளையாடுவோரிடையே ஓயாத வாதம் உண்டு. பாதையைவிட்டுக் கால் இறங்கினால் எழுத வேண்டும் என்பது எங்கள் கட்சி.

தோற்றவர் செய்யக்கூடியவற்றுள் மோசமானது உதவி என்ற பெயரில் செய்யப்படுவது. பூங்கா ஒன்றில் நாங்கள் மறைத்த பெட்டியைத் தேடிக் காணாத ஒருவர், அது தொலைந்துவிட்டதென்று தாமே முடிவுகட்டி, ஒரு மாத்திரைக் குப்பியில் காகிதத்தைச் சுருட்டி வைத்து, அதில் ஒப்பமிட்டு, சிரித்த முகமும் பெற்றுக்கொண்டார். உங்கள் சிரமத்தைக் குறைத்துவிட்டேன் என்று செய்தி வேறு. எங்கள் பெட்டி அங்கிருந்து கைநீளத் தொலைவில் நலமாக இருந்தது. அடுத்து வந்த நால்வர் மாத்திரைக் குப்பியில் ஒப்பமிட்டுச் சென்றனர். அவர்கள் கண்டவர்களா காணாதவர்களா? குப்பியை அகற்றினோம், நால்வரின் மஞ்சள் முகங்களை விட்டுவைத்தோம். அது சரியா என்று எங்களுக்குள் இன்னும் உடன்பாடில்லை.

சென்ற நவம்பரில் அதே காட்டுப்பாதைக்குப் போனோம். அந்தப் பெண்மணி வேறோர் அடிமரத்தில் புதிய பெட்டி வைத்திருந்தார். நாற்பது நிமிடம் தேடினோம், விளக்குப்போடும் நேரம் ஆகிவிட்டது. எங்களுக்குக் கிடைக்கவில்லை என்று அன்றிரவே எழுதினோம். மூன்றாம் நாள் அவரிடமிருந்து பதில் வந்தது. நேற்றுப் போய்ப் பார்த்தேன், பெட்டி இருக்கிறது, குறிப்பேடும் நனையவில்லை, எப்போது மறுபடி வருகிறீர்கள் என்று கேட்டிருந்தார்.